ஆந்தைக்குப் பெட்டி, ஆளுக்கு நோட்டீஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்காக நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தைக் கடைத்தெருவில் பசியாறிக்கொண்டே படித்தேன். ஆற்றங்கரை, துணிப்பை, கையில் மரக்கன்றோடு பள்ளிப் பிள்ளைகள். நல்ல படங்கள்தான். ஆனால் 'நீடித்த மேம்பாடு' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்ட பக்கத்தில் தோட்டத்து ஆள் ஒருவர்கூட இல்லை. செம்பனையை (எண்ணெய்ப் பனையை)ப் பற்றி அரைப் பக்கம் எழுதியவர்கள் குலை வெட்டுகிறவரை விட்டுவிட்டீர்கள்.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் 34 வருடம் கிராணியாக (ஆபீஸ் எழுத்தராக) இருந்தவன் நான். 'நீடித்த மேம்பாடு' என்று முதன்முதலில் காதில் விழுந்தபோது எனக்கு அவ்வளவு நல்ல சேதியாகப் படவில்லை. தோட்டத்தில் "மேம்பாடு வருதாம்" என்று யாராவது சொன்னால் வயிற்றைக் கலக்கும். நிலத்தை வீடமைப்புக் கம்பெனி வாங்கிவிட்டது, லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை)க் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள், கோயிலை எங்கே வைப்பது, பள்ளிக்கூடத்தை எங்கே கொண்டுபோவது என்று மனுவோடு அலையவேண்டும் என்பதுதான் அதற்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம். இதில் 'நீடித்த' வேறா என்று நினைத்தேன்.

தோட்டம் நீடித்த முறையில் நடக்கிறது என்று காட்டும் சான்றிதழ் வேலை என் மேசைக்கு வந்த பிறகுதான் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1987இல், நார்வே பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் கொடுத்த அறிக்கையில் இருக்கும் விளக்கம் உங்கள் பக்கத்திலும் வந்திருந்தது: வருங்காலத் தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவது. சரி. ஆனால் அதற்கு அடுத்து வருவதை நீங்களும் போடவில்லை, வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. 'தேவை' என்றால் முக்கியமாக உலகத்து ஏழைகளின் அடிப்படைத் தேவை, அதற்கே மற்ற எல்லாவற்றையும்விட முதலிடம் என்று அங்கே எழுதியிருக்கிறது.

அதற்கும் முன்பு 1972இல் ஸ்டாக்ஹோம் மாநாட்டுக்குப் போன இந்திரா காந்தி, வறுமையும் இல்லாமையும்தானே பெரிய மாசு என்று கேட்டுவிட்டு வந்தார். 1992 ரியோ பிரகடனத்தின் முதல் கோட்பாடே மனிதர்தான் இதற்கு மையம் என்கிறது. 1995இல் கோபன்ஹேகனில் சமூக மேம்பாட்டுக்கென்றே தனி உச்சி மாநாடு கூட்டினார்கள். 2002இல் ஜோகன்னஸ்பர்க்கில் பொருளாதாரம், சமூகம், சுற்றுச்சூழல் என மூன்று தூண்கள் என்றார்கள். 2015இல் அது 17 இலக்குகளாக விரிந்தது, யாரையும் விட்டுவிடக்கூடாது என்ற வாக்கோடு. ஆக, காகிதத்தில் மனிதன் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறான். தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் எங்கோ வழியில் இறக்கிவிடுகிறார்கள்.

எங்கே இறக்கிவிடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் பக்கத்திலிருந்தே பார்த்தேன். நீடித்த செம்பனை எண்ணெய்க்கான உலக வட்டமேசை அமைப்பான ஆர்.எஸ்.பி.ஓ. 2004இல் தொடங்கியது. அதே நோக்கத்துக்கான நம் நாட்டுச் சான்றிதழான எம்.எஸ்.பி.ஓ. 2015இல் நடைமுறைக்கு வந்து 2020 ஜனவரி முதல் கட்டாயமானது. தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்றால் ஆபீஸில் இரண்டு மாதம் தூக்கம் இருக்காது. விஷமருந்து ஸ்டோருக்குப் பூட்டு, ஆற்றோரம் மருந்து அடிக்காமல் விட்ட மரங்களுக்குச் சிவப்பு வளையம், புகார்ப் புத்தகம், சம்பளச் சீட்டு நகல்கள், லயத்துக்குப் புதுச் சுண்ணாம்பு. எல்லாம் கோப்பில் போகும். எலியைப் பிடிக்க மருந்து வேண்டாம், ஆந்தை வளர்க்கலாம் என்று பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி கம்பத்தில் ஏற்றினோம். ஆந்தை குடிவந்திருக்கிறதா, எத்தனை குஞ்சு என்று மாதாமாதம் பதிவு செய்தவன் நான். நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். எலியும் குறைந்தது.

அந்தப் பெட்டிகளுக்கு ஆர்டர் எழுதிய அதே வாரத்தில் வேறொரு கடிதமும் தட்டச்சு செய்தேன். ஓய்வு பெற்ற மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) ஒருவர் மூன்று மாதத்துக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்ற நோட்டீஸ். அவர் அதே லயத்தில் பிறந்தவர். அவர் அப்பா பால்மரம் (ரப்பர்) வெட்டியதும் அந்தத் தோட்டத்தில்தான். கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "கிராணி ஐயா, ஆந்தைப் பெட்டி ஒன்று காலியா இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சட்டப்படி நிர்வாகம் செய்தது தவறில்லை. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், வேலையில் இருக்கிறவருக்குக் கொடுக்கும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வேலை முடிந்த மறுநாள் அவர் எங்கே போவார் என்பது அதன் வேலையில்லை. தணிக்கைக்கு வந்தவர்களும் வீட்டுக் கூரையைப் பார்த்தார்கள், சாக்கடையைப் பார்த்தார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் எங்கே என்று கேட்கவில்லை. அவர்கள் தாளில் அந்தக் கேள்வி இல்லை போலும்.

சான்றிதழே கண்துடைப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சம்பளச் சீட்டே பார்க்காத குத்தகை ஆட்களுக்குச் சீட்டுக் கிடைத்தது அதனால்தான். 2020இல் கட்டாய உழைப்பின் அறிகுறி இருக்கிறது என்று சொல்லி இரண்டு மலேசிய நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியதே, அதற்குப் பிறகு இந்தோனேசியத் தொழிலாளிகளிடமும் வங்காளதேசத் தொழிலாளிகளிடமும் பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கிறதா, ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினார்கள் என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். வாங்குகிறவன் கேட்டால் நடக்கிறது. காட்டைப் பற்றி ஐரோப்பாக்காரன் கேட்டான், நடந்தது. லயத்து ஆளைப் பற்றி யார் கேட்பது?

ஒரு காலத்தில் நாமே கேட்டோம். சுதந்திரத்தையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே என் அம்மா குரலைத் தாழ்த்துவார். வேலையும் போய், வீடும் போய் ரோட்டோரம் சாமான்களோடு உட்கார்ந்த குடும்பங்களை அவர் பார்த்திருக்கிறார். அப்போதுதான், 1960இல், எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) கட்டி நூறு வெள்ளிப் பங்கு ஒன்றை வாங்கலாம். பால்வெட்டு வீட்டில் பத்து வெள்ளி அன்றைக்குச் சின்னக் காசில்லை. அம்மா தாலிக்கொடியில் கோர்த்திருந்த குண்டுமணியை அடகு வைத்து இரண்டு தவணை கட்டினார் என்று அக்கா சொல்வார். அந்தக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். சங்கம் இன்றும் இருக்கிறது.

புருண்ட்லாண்ட் அறிக்கைக்கு 27 வருடம் முந்திய கதை இது. நிலம் விலை போனாலும் அதில் உழைத்தவர் தெருவுக்கு வரக்கூடாது, மரத்துக்கு இருக்கிற பாத்தியதை ஆளுக்கும் இருக்க வேண்டும் என்று பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுச் சொன்னவர்களைப் பற்றி உங்கள் சிறப்புப் பக்கத்தில் ஒரு வரி வந்திருக்கலாம்.

குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 ரிங்கிட்டில் தொடங்கி 2025இல் 1,700 ரிங்கிட்டுக்கு வந்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் சுங்கை சிப்புட் டவுனில் சின்ன வீட்டுக்கு வாடகை கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் மீதி தெரியும். தோட்டம் காலியாகக் காலியாகத் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளும் குறைகிறார்கள். இதை நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை, அதைப் பற்றி நீங்களே நிறைய எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செய்தியும் இந்தச் சுற்றுச்சூழல் பக்கமும் ஒரே விஷயம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு தோட்டத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது என்று செய்தி வந்தால், நிருபர் அங்கே இரண்டு கேள்வி கேட்கட்டும். கடந்த பத்து வருடத்தில் இங்கிருந்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர்? அதில் சொந்த வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? என் நோட்டுப் புத்தகத்தில் ஆந்தைக் கணக்கு இருந்தது, இந்தக் கணக்கு இல்லை. எந்த ஆபீஸிலும் இருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அதனால் ஆபீஸில் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாமல் லயத்துக்கே போகச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்குப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), அதற்கு முன் போனால்தான் ஆள் கிடைப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி
சுங்கை சிப்புட், பேராக்