டயாலிசிஸ் நோயாளியிடம் கேட்க மறந்த கேள்விகள்

ஆசிரியருக்கு,

நெல்லை, தென்காசி மாவட்டங்களில் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு ரத்தப் பரிசோதனை ஒழுங்காக நடக்கிறது. ஹீமோகுளோபின் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு, ரத்தக் கழிவான யூரியா எத்தனை சதவீதம் குறைந்தது என்றெல்லாம் குறிப்பேட்டில் பதிவாகிறது. யூரியா 65 சதவீதம் குறைந்திருந்தால் ரத்தம் போதிய அளவு சுத்தமானதாகக் கொள்ளலாம். ஆனால் அரிப்பு தாங்காமல் விடிய விடிய விழித்திருப்பவருக்கும் அதே 65 வரும். வாழ்க்கைத் தரத்தைத் தனியாகத்தான் கேட்டு அறிய வேண்டும்.

அதற்கென்றே கே.டி.கியூ.ஓ.எல்.-36 என்ற வினாத்தாள் இருக்கிறது. முதல் 12 கேள்விகள் பொதுவான உடல்நலம், மனநலம் பற்றியவை. அடுத்த 4, ‘குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறேன்’ போன்ற நோய்ச் சுமை பற்றியவை. அதன்பின் 12 தொந்தரவுகள்: தசைவலி, நெஞ்சுவலி, தசைப்பிடிப்பு, அரிப்பு, தோல் வறட்சி, மூச்சுத்திணறல், மயக்கம், பசியின்மை, அசதி, கை கால் மரத்துப்போதல், குமட்டல், ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இணைத்த ரத்தக் குழாயில்) கோளாறு. கடைசி 8, தண்ணீர்க் கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு, பயணம், தாம்பத்தியம் முதலியவை நோயால் எவ்வளவு பாதிக்கப்பட்டன என்று கேட்கின்றன.

நன்றாக அமைந்த வினாத்தாள்தான். கேட்கும் விதத்தில்தான் கெட்டுப்போகிறது. ஊசி குத்தும் ஊழியரே நின்றுகொண்டு ‘எப்படி இருக்கீய?’ என்றால், ‘நல்லாருக்கேன்’ என்பதுதான் நம் பக்கத்துப் பதில். அவர் மனம் கோணக் கூடாதே என்ற பயமும் அதில் உண்டு. எனவே சிகிச்சையில் நேரடித் தொடர்பில்லாத ஒருவர் கேட்பது நல்லது. மெஷினில் கடைசி மணி நேரத்தில் கேட்டால் அசதிதான் பதில் சொல்லும். தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். வாரத்தில் இரு டயாலிசிஸுக்கு நடுவே வரும் நீண்ட இடைவெளி முடிந்து வரும் நாளும் வேண்டாம், அன்று உடம்பில் நீர் கூடுதலாக இருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் படித்துக் காட்ட வேண்டும். உடன் வந்த மகனோ மனைவியோ பதில் சொன்னால் அது நோயாளியின் பதில் ஆகாது. தாம்பத்தியக் கேள்வியைக் கூச்சத்தால் கேட்பவரே தாண்டிவிடுவதும் நடக்கிறது. தனியாக அழைத்துக் கேட்டால் பதில் கிடைக்கும்.

ஆங்கில மூலத்தில் மிதமான வேலைக்கு உதாரணம் மேசையை நகர்த்துவது, வேக்குவம் கிளீனர் தள்ளுவது, கோல்ஃப் ஆடுவது. முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணிடம் இதைக் கேட்டு என்ன பயன்? குடத்தில் தண்ணீர் எடுப்பது, வாசல் பெருக்குவது என்று தமிழ் வடிவத்தை முதலிலேயே முறையாகச் சரிசெய்து, பிறகு யாரும் மாற்றாமல் பயன்படுத்த வேண்டும்.

மதிப்பெண்ணிலும் கவனம் தேவை. முதல் 12 தவிர மற்ற ஒவ்வொரு பதிலையும் 0 முதல் 100 வரையான அளவுக்கு மாற்றி, அந்தந்தப் பகுதிக்குச் சராசரி எடுக்க வேண்டும்; கூடுதல் எண் என்றால் நல்ல நிலை. நோய்ச் சுமைக் கேள்விகள் நான்கில் 25, 50, 75 என மூன்றுக்கு மட்டும் பதில் வந்தால் சராசரி 50. விடுபட்டதைச் சுழியமாக எண்ணினால் 37.5 ஆகிவிடும். முதல் 12 கேள்விகளுக்குக் கணக்கே வேறு. அதனால் 36-க்கும் சேர்த்து ஒரே மொத்த மதிப்பெண் போடுவது தவறு.

பதிலுக்குப் பின் நடவடிக்கை இல்லாவிட்டால் கேட்டதே வீண். அரிப்பு என்றால் பாஸ்பரஸைப் பார்க்க வேண்டும். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்காமல் வெறும் வயிற்றில் விழுங்குகிறாரா என்றும் விசாரிக்க வேண்டும். தசைப்பிடிப்பு என்றால் மெஷின் உடம்பிலிருந்து நீர் எடுக்கும் வேகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 50 கிலோ உள்ளவருக்கு 4 மணி நேரத்தில் 2.6 லிட்டர். அதற்கு மேல் எடுக்க நேர்ந்தால் நேரத்தைக் கூட்டலாம், உப்பைக் குறைக்கச் சொல்லலாம், உலர் எடையை (கூடுதல் நீர் இல்லாதபோது இருக்கும் எடையை) திரும்பக் கணக்கிடலாம். மனநலப் பகுதியில் எண் குறைந்தால் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ.-9 வினாத்தாளைக் கேட்க வேண்டும். அதன் 9-வது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு ‘ஆம்’ வந்தால் அன்றே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐயும் நோயாளியிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்று வழி டயாலிசிஸ் செய்வோருக்கு வீட்டுக்கே டயாலிசிஸ் திரவப் பைகள் வருகின்றன. இவர்களிடம் ஃபிஸ்டுலாவுக்குப் பதில் வயிற்றுக் குழாய் இருக்கும் இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்.

இந்த வினாத்தாளில் பணம் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் இலவசமாக நடந்தாலும், அம்பாசமுத்திரத்திலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ வாரம் இரண்டு மூன்று முறை பாளையங்கோட்டைக்கு வருபவருக்குப் பஸ் செலவும், துணைக்கு வருபவரின் கூலி இழப்பும் இருக்கின்றன. போக வர எத்தனை மணி நேரம், கைக்காசு எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளை மதிப்பெண்ணில் சேர்க்காமல் கடைசியில் தனியாகக் கேட்கலாம். நம் மாவட்டங்களின் எல்லா டயாலிசிஸ் மையங்களிலும் 6 மாதத்துக்கு ஒருமுறை இதை நடத்தி, பதில்களை ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருக்கும் அதே குறிப்பேட்டில் எழுத மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
சிறுநீரகப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
திருநெல்வேலி.