தகட்டின் உள்புறம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. சென்ற வாரம் பேசும்போது, "மூன்று தலைமுறையாக வந்த கடிகாரம் பழுதுபார்க்கும் தொழில் என்னால் நின்றுபோகிறதே அப்பா" என்று நீ வருத்தப்பட்டாய். கண்ணில் லென்ஸ் மாட்டியிருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று சாக்குச் சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இப்போது என் மேசைக்கு வந்திருக்கும் ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பற்றி எழுதினால், பதிலும் அதனூடே வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நேரத்துக்கு ஒன்று, மணியடிக்க ஒன்று என்று இரண்டு ஸ்பிரிங் உள்ள பழைய கடிகாரம் அது. முழுச் சாவி கொடுத்தும் சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது என்று கொண்டுவந்தார்கள். இப்படிப்பட்டதைப் பிரிப்பதற்கு முன் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தின் பல்லைத் தடுத்து நிற்கும் உலோக நாக்கை விலக்கி, ஸ்பிரிங்கின் முறுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். உன் தாத்தா எனக்கு முதலில் கற்றுத்தந்தது இதைத்தான். பிடி நழுவினால் சாவி சுழன்று விரலைப் பதம் பார்க்கும். சக்கரத்தின் பற்களும் வரிசையாக முறியும். என் கட்டைவிரல் தழும்பைப் பற்றி நீ சிறுவயதில் கேட்டபோது, மரமேறி விழுந்ததாகச் சொன்னேன் அல்லவா, அது பொய்.

சக்கரங்களைத் தாங்கும் தகட்டைக் கழற்றி உள்புறத்தைத் திருப்பினால், நம் வீட்டார் கையெழுத்து இருக்கிறது. பழுதுபார்த்தவர் ஊசிமுனையால் தம் குறியையும் தேதியையும் அங்கே கீறி வைப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். மேலே உன் கொள்ளுத்தாத்தாவின் குறி, அதற்குக் கீழே தாத்தாவின் குறி, அதற்கும் கீழே என்னுடையது. அப்போது எனக்கு வயது 23. என் குறிக்கு ஒரு விரல் தள்ளி, ஸ்பிரிங்குக்கு அடுத்த சக்கரத்தின் அச்சு நுழையும் துளையைச் சுற்றி, மூன்று சிறிய பள்ளங்கள். லென்ஸ் வைக்காமலே எனக்கு அவை தெரிந்தன.

அந்தப் பள்ளங்கள் என்னவென்று சொல்கிறேன். எஃகு அச்சு பித்தளைத் துளையில் ஆண்டுக்கணக்கில் உராய்ந்தால், அழுத்தம் விழும் பக்கமாகத் துளை தேய்ந்து நீண்டுவிடும். அச்சு சாய்ந்து, பற்கள் சரியாகக் கவ்வாமல், ஊசல்வரை போய்ச் சேர வேண்டிய விசை வழியிலேயே வீணாகிவிடும். துளையின் பழைய மையத்தைக் கண்டுபிடித்து, அதை வட்டமாகப் பெரிதாக்கி, பித்தளைப் புஷ் (நடுவில் துளையுள்ள சிறு குழாய்) ஒன்றை இறுக்கி, தகட்டோடு தகடாகத் தேய்த்துச் சமன் செய்வதுதான் முறை. அரை நாள் பிடிக்கும். குறுக்குவழியும் உண்டு: துளையைச் சுற்றிக் கூர்முனை உளியை வைத்துச் சுத்தியலால் மூன்று அடி அடித்தால், பித்தளை உள்ளே பிதுங்கி ஓட்டையைச் சிறிதாக்கும். மையம் சரியாவதில்லை, ஆனால் அப்போதைக்குக் கடிகாரம் ஓடும். அன்று வாடிக்கையாளர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார், நான் அந்த மூன்று அடியை அடித்தேன். "புஷ் போட்டாயா?" என்று தாத்தா கேட்டார். "போட்டேன்" என்றேன். அவர் திறந்து பார்க்கவில்லை. என்மேல் இருந்த நம்பிக்கையா, அல்லது தெரிந்தேதான் விட்டாரா என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இனி உன் வருத்தத்துக்கு வருகிறேன். 1656-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தில் பூட்டியதிலிருந்து மூன்று நூற்றாண்டுகள் நிலைத்த வேலை, 1969 டிசம்பரில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்த பிறகு மளமளவென்று குறுகியது. இன்றைய குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களுக்குள் இருக்கும் படிகம் பொதுவாக நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும், நீ படித்த கணக்குத்தான். அதில் தேய்வதற்கு அதிகம் இல்லை, கெட்டால் முழுதாக மாற்றிவிடுகிறார்கள். உன் படிப்புக்கான பணத்தில் பெரும்பகுதி பேட்டரி மாற்றி வந்தது. ஆகவே தொழில் உன்னால் நிற்கிறது என்று எண்ணாதே. அது நின்றுகொண்டிருந்த காலத்தில்தான் நீ பிறந்தாய். உன்னை இந்த மேசையில் உட்காரவைக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. தாத்தா நினைத்தார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடிகாரத்தின் சொந்தக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். பழைய பிழை என்னுடையது, கூலி வேண்டாம் என்றேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. புஷ் போட்டுவிட்டேன். அச்சு முனைகளுக்கு மட்டும் துளித்துளியாக எண்ணெய் வைத்தேன். பற்களில் விட்டால் தூசியோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். பழைய குறிக்குக் கீழே இன்னொரு முறை என் குறியைக் கீறினேன், பள்ளங்களை அழிக்கவில்லை.

கருவிகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். துளை பெரிதாக்கும் ஊசிகளையும் புஷ் பெட்டியையும், வாரம் இரண்டு நாள் வந்து வேலை கற்றுக்கொள்ளும் பையனுக்குக் கொடுக்கப்போகிறேன். கொள்ளுத்தாத்தாவின் நோட்டுப் புத்தகம் உனக்கு. அதில் அவர் சரிசெய்தவை குறைவு, தவறவிட்டவையே அதிகம். எழுத்து பொடியாக இருக்கும், நல்ல வெளிச்சத்தில் படி.

கடிகாரம் ஐந்து நாளாகச் சுவரில் நிற்காமல் ஓடுகிறது. ஊசல் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். அந்த நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் நாளுக்கு மூன்று நிமிடம் பின்தங்கும். இப்போது நாளுக்கு நாற்பது நொடி பின்தங்குகிறது. காலையில் குண்டின் அடியிலுள்ள திருகை அரைச் சுற்று ஏற்றிவிட்டு, இன்னும் எட்டு நாள் பார்த்துத்தான் கொடுப்பேன்.

அன்புடன்,
அப்பா