தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில், 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் நகரைக் கைவிட்ட தென்மாநிலத்தார் ராணுவ ஆவணங்களைப் பெட்டி பெட்டியாக ரயிலில் தெற்கே அனுப்பினார்கள். நகரில் விட்டுப்போனவற்றில் ஏராளமானவை தீயில் போயின. வட கரோலினாவின் சார்லட் நகருக்குப் போய்ச் சேர்ந்தவற்றைத் தென்மாநிலப் படையின் ஜெனரல் சாமுவேல் கூப்பர் அழிக்கவில்லை. வென்ற தரப்பிடமே ஒப்படைத்தார். தோற்ற படையின் சிப்பாய்கள் எத்தனையோ பேரின் பெயர் அதனால்தான் இன்றும் இருக்கிறது.

எங்கள் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் இருந்தவர். ஏற்காட்டிலிருந்து அஸ்தம்பட்டிக்கு வீடு மாறியபோது ராணுவத்திலிருந்து விடுவித்தபோது அவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் தகரப்பெட்டியோடு தொலைந்தது. எந்த ரெஜிமென்ட் என்று சொல்லக்கூட இப்போது ஆளில்லை. சேலம் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் இத்தகைய காகிதங்களை ஸ்கேன் செய்துவைக்க மாவட்ட நிர்வாகம் ஒரு முகாம் நடத்த வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே நடத்தினால் நல்லது.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்