அண்ணாச்சி, அது நீங்க அடிச்ச போஸ்டர்தானே?

சிவகாசி
ஞாயிறு இரவு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. சிங்கப்பூர் பஸ் ஸ்டாப்புகளில் நம் பிள்ளை போட்ட டிசைன் நிற்கப்போகிறது என்றால் சும்மாவா? அம்மா தெருவில் பாதிப் பேரிடம் சொல்லி முடித்துவிட்டாள். ஆனால் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாய்: "போஸ்டர்ல எழுத்தே கிடையாதுப்பா, பெருசா ஒரு கியூஆர் கோடு மட்டும்தான். என்னன்னு பார்க்கவே எல்லாரும் ஸ்கேன் பண்ணுவாங்க." அதுதான் எனக்கு உறுத்துகிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னிடம் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. போன வருஷம் ஆடித் தள்ளுபடிக்காக ஒரு ஜவுளிக்கடைக்கு நம் பிரஸ்ஸில் ஆயிரம் வால்போஸ்டர் அடித்தோம். நாலு கலர், மேலே வார்னிஷ். வலது மூலையில் கூப்பனுக்கு ஒரு கியூஆர் கோடு. ஒட்டி நாலு நாள் இருக்கும். நம் தெருவுக்குக் கீரை கொண்டு வரும் அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டு பிரஸ் வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, அது நீங்க அடிச்ச போஸ்டர்தானே?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்கேன் செய்ததும் 500 ரூபாய் பரிசு விழுந்திருப்பதாக வந்திருக்கிறது. கணக்கில் பணம் ஏற வேண்டுமென்றால் பின் நம்பரைப் போடு என்றிருக்கிறது. போட்டிருக்கிறார். 4,300 ரூபாய் போய்விட்டது. யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பரே வேண்டாம், அது கொடுப்பதற்கு மட்டும்தான் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நம்ம ஊர் அச்சு, தெரிந்த கடை. அந்த நம்பிக்கையில் போட்டிருக்கிறார்.

அவரைக் கூட்டிக்கொண்டு அந்தச் சுவருக்குப் போனேன். தள்ளி நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கிட்டே போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். போஸ்டர் முழுக்க வெயிலில் மினுமினுக்கிறது, கோடு இருந்த சதுரம் மட்டும் மங்கலாகக் கிடக்கிறது. நகத்தால் ஓரத்தை நெம்பினேன். மெல்லிய ஸ்டிக்கர் பேப்பர் உரிந்து வந்தது. அடியில் நாங்கள் அடித்த கோடு புத்தம் புதிதாக இருந்தது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தோம். பணம் இன்னும் வரவில்லை. அந்த ஸ்டிக்கர் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் எனக்கு ஒரு தைரியம் இருந்தது, தாயி. ப்ரூஃபை ஒழுங்காகப் பார்த்துப் பிளேட் போட்டுவிட்டால் அப்புறம் ஒரு புள்ளிகூட மாறாது. பெயர் தப்பாக இருந்தால் ப்ரூஃப் பார்ப்பவர் பிடிப்பார், விலை தப்பாக இருந்தால் பார்ட்டி பிடிப்பார். கோடு தப்பாக இருந்தால் யார் பிடிப்பது? யாருடைய கண்ணாலும் படிக்க முடியாத ஒன்றை அச்சடித்து, நம்பு என்று ஜனங்கள் முன்னால் நீட்டுகிறோம்.

கண்டுபிடித்தவர்கள் மேல் குற்றமில்லை. 1994-இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு இதைச் செய்தது கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கத்தான். தொழிற்சாலைக்குள் ஒட்டுகிறவரும் தெரிந்த ஆள், ஸ்கேன் செய்கிறவரும் தெரிந்த ஆள். தெருவில் அப்படியா?

பஸ் ஸ்டாப் போஸ்டர் கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் என்பாய். உங்கள் ஊரிலேயே 2023-இல் நடந்ததைக் கேள். ஒரு பபிள் டீ கடையின் கண்ணாடிக் கதவில் ஸ்டிக்கர். சர்வேயை நிரப்பினால் டீ இலவசம் என்று போட்டிருந்தது. 60 வயது அம்மா ஒருவர் ஸ்கேன் செய்து, அது சொன்ன ஆப்பைப் போனில் ஏற்றியிருக்கிறார். அன்று ராத்திரி அவர் தூங்கும்போது வங்கிக் கணக்கிலிருந்து 20,000 வெள்ளி போய்விட்டது. ஒட்டியது கண்ணாடி மேல்தான், கயல். கடைக்குள்ளே வரவேண்டிய அவசியமே அந்தத் திருடனுக்கு இல்லை.

நடுவில் லோகோ வைத்தால் அசல் என்று தெரிந்துவிடாதா என்று நம் டிசைனர் தம்பியும் கேட்டான். சிதைந்த பகுதியைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி கோட்டில் உண்டு. அதை உயர்ந்த அளவில் வைத்துப் போட்டால் கோடு 30 சதவீதம் வரை சிதைந்தாலும் போன் படித்துவிடும். அதனால்தான் லோகோவுக்கு இடம் கிடைக்கிறது. அதே இடம் திருடனுக்கும் கிடைக்கும், அதே லோகோவை அவனும் வைப்பான்.

இன்னொன்று, நீங்கள் யாரும் பேசாதது. விளம்பரம் முடிந்தாலும் காகிதம் முடியாது. நம் காலண்டரையே பார். வருஷம் முடிந்ததும் தாளைக் கிழித்து நீ உன் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடுவாய். ஹெய்ன்ஸ் கெட்சப் பாட்டிலில் லேபிள் டிசைன் போட்டி ஒன்றுக்காகக் கோடு அடித்திருந்தார்கள். போட்டி 2014-இல் முடிந்தது, இணைய முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதை வேறொருவர் வாங்கிக்கொண்டார். 2015-இல் ஜெர்மனியில் ஒருவர் வீட்டில் இருந்த பாட்டிலை ஸ்கேன் செய்தால் ஆபாசத் தளம் திறக்கிறது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. இதில் ஸ்டிக்கர் ஒட்டவும் ஆள் வரவில்லை. அச்சு அப்படியே இருந்தது, அது போய்ச் சேரும் இடம்தான் மாறிவிட்டது. நீளமான முகவரியைச் சின்னதாக்கித் தரும் இலவசச் சேவையின் லிங்க்குக்குக் கோடு போட்டாலும் இதே கதைதான். அந்தச் சேவையை மூடினாலோ வேறு ஆள் கைக்குப் போனாலோ, ஒட்டின போஸ்டரை உன்னால் திரும்ப வாங்க முடியாது.

அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் 2022-இல் காயின்பேஸ் என்ற கிரிப்டோ கம்பெனி கொடுத்த டிவி விளம்பரத்தைப் பெரிதாகச் சொன்னாய். கறுப்புத் திரையில் ஒரு கோடு நிறம் மாறி மாறி ஒரு நிமிஷம் மிதந்தது, கூட்டம் தாங்காமல் அவர்கள் தளமே படுத்துவிட்டது என்று. இருக்கட்டும். அதே வருஷம் ஜனவரியில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, கியூஆர் கோடுகளைக் கண்டு ஏமாறாதீர்கள் என்று எச்சரிக்கை விட்டிருந்தது. யார் கொடுத்தது, எங்கே போகிறது என்று தெரியாமல் ஸ்கேன் செய்யப் பழக்கிவிட்டால், அந்தப் பழக்கம் உன் போஸ்டரோடு நிற்காது. பேரோ ஊரோ இல்லாத போஸ்டர் மேல் எந்த ஸ்டிக்கரை ஒட்டினாலும் பொருந்திப்போகும். நீ நல்ல எண்ணத்தில்தான் செய்கிறாய், தெரியும். கீரைக்காரக்காவுக்கு அது எப்படித் தெரியும்?

டிசைனை மாற்று என்று மேலிடத்தில் பேசு. கோட்டுக்குக் கீழே கம்பெனியின் சொந்த இணைய முகவரியைப் பெரிய எழுத்தில் போடு, போனில் வருகிற முகவரியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும். எந்த ஆப்பையும் கோட்டிலிருந்து நேரே இறக்கச் சொல்லாதே. விளம்பரம் மூன்று மாதம் என்றாலும் இணைய முகவரிக்கான பணத்தைப் பல வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடச் சொல். ஒட்டின பிறகு வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க ஆள் வேண்டும், அதற்குப் பணம் பட்ஜெட்டிலேயே இருக்கட்டும். இதைக் கேட்டு முகம் சுளித்தால் சுளிக்கட்டும், நீ தயங்காதே.

பிளேட்டுக்குப் போகும் முன் ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு. நான் ஒரு பிரதி எடுத்து, இங்கே இரண்டு மூன்று பழைய போனில் ஸ்கேன் செய்து, எந்த முகவரிக்குப் போகிறது என்று எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சொல்கிறேன். போஸ்டர் வைத்த மறுநாள் ஆபீஸ் போகும்போது உன் ஸ்டாப்பில் ஐந்து நிமிஷம் நில். கண்ணாடி மேல் கோடு இருக்கிற இடத்தை நகத்தால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு பஸ் ஏறு.

அன்புடன்,
அப்பா