பந்து மைதானம் போட்டோ பத்தி அப்பா எழுதுறது

அம்மாடி,

மெக்சிகோவுல மாயா ஜனங்களோட பழைய ஊர் சிச்சென் இட்சா, அங்க பந்து மைதானத்துல எடுத்து நீ அனுப்புன போட்டோ எல்லாம் வந்துச்சு. அம்மா பெருசு பண்ணி பெருசு பண்ணி உன் மூஞ்சி கறுத்துப்போச்சான்னு தான் பாத்தா, நான் உன் பின்னாடி இருக்குற சுவரை பாத்துட்டு இருந்தேன். 168 மீட்டர் நீளமாம் அந்த மைதானம், வளையம் 6 மீட்டர் உயரத்துல, கையால தொடாம இடுப்பால அடிச்சு ஆடுற ஆட்டத்துல அதுக்குள்ள பந்தை எவன் போட்டிருப்பான்னு தெரியல. அதுவும் காத்தடிச்ச பந்து இல்ல, ரப்பர் மரத்துப் பால்ல ஒரு கொடியோட சாறை கலந்து உருட்டுன கெட்டி பந்து, மூணு நாலு கிலோ வரும், வயித்துல பட்டா ஆளே காலி.

கீழ நீ எழுதியிருந்த "ஜெயிச்ச டீம் கேப்டன் தலையை வெட்டுவாங்களாம் பா, லூசுங்க", அது தான் மனசுல ஓடிட்டே இருக்கு. கைடு சொல்றதை அப்படியே நம்பிடாத. தலை போனது உண்மை, அந்த சுவத்துலயே செதுக்கியிருக்கான். ஆனா ஜெயிச்சவன் இவன் தோத்தவன் இவன்னு கல்லுல எங்கயும் எழுதி வைக்கல. டோனினா மாதிரி வேற மாயா ஊர்ல மைதானத்து சுவத்துலயே போர்ல பிடிபட்ட கைதிங்களை தான் சிலையா வச்சிருக்கான், அதை பாத்தா தோத்தவன் பக்கம் தான் எனக்கு தோணுது.

ஏன் தலைன்னு கேட்டா அவங்க புராணத்துக்குள்ள போகணும். போபோல் வூன்னு ஒரு புராண நூல், குவாத்தமாலாவுல கிசேங்கிற மாயா ஜனங்களோடது, 1700 வாக்குல ஹிமேனெஸ்ங்கிற ஒரு பாதிரியார் பாத்து எழுதி வச்ச பிரதி தான் இன்னைக்கு சிகாகோவுல இருக்கு. அதுல அண்ணன் தம்பி ரெண்டு பேர் பந்து ஆடுற சத்தம் கீழ ஷிபால்பாவுல, அதாவது சாவோட ராஜாக்கள் ஊர்ல, தொந்தரவா இருக்குன்னு ஆந்தைகளை அனுப்பி கூப்பிட்டு கொன்னுடுறாங்க. அண்ணன் ஹுன் ஹுனாபு தலையை ஒரு காய்க்காத மரத்துல தொங்க விடுறான், விட்ட உடனே மரம் பூரா காய்ச்சு தள்ளுது, எது தலை எது காய்னு தெரியல. திருவோட்டு மரம் தான் அது, காய் மண்டை ஓடு மாதிரியே இருக்கும்ல. அந்த ஊர் ராஜா ஒருத்தன் பொண்ணு ஷ்கிக் வேடிக்கை பாக்க போறா, மண்டை ஓடு அவ உள்ளங்கையில எச்சில் துப்புது, கர்ப்பம். அப்பனே அவ இதயத்தை வெட்டி எடுத்துட்டு வாங்கடான்னு ஆள் அனுப்புறான் (இந்த அப்பன் மேல எனக்கு வர்ற கோவம் சாவு ராஜாக்கள் மேல கூட வரல), அவ தப்பிச்சு மேல மாமியார்கிட்ட வந்து சேர்றா, ரெட்டைப் பசங்களை பெக்குறா.

இப்ப அந்த சுவரை திரும்ப பாரு. மண்டி போட்டு தலை இல்லாம இருக்கானே, அவன் கழுத்துல இருந்து ரத்தம் பாம்பு பாம்பா வருது, கூடவே பூவும் காயுமா ஒரு கொடி. நடுவுல இருக்குற பந்துக்குள்ள மண்டை ஓடு. அவங்களுக்கு அந்த மைதானம் ஷிபால்பாவோட வாசல், அங்க விழுற தலை விதைச்ச விதை. சரின்னு நான் சொல்ல வரல, லூசுங்கன்னு விட்டுடாதேன்னு தான் சொல்றேன்.

எனக்கு பிடிச்ச இடம் வேற. அந்த மாமியார், அதாவது பசங்களோட பாட்டி ஷ்முகானே, மகன்களை பறிகொடுத்த பயத்துல பந்தையும் கவசத்தையும் கூரையில ஒளிச்சு வச்சிருப்பா. எலி வந்து காட்டிக்கொடுத்துடுது. பசங்க பாட்டியை தண்ணிக்கு அனுப்பிட்டு, மிளகா சாறு கிண்ணத்துல தெரியுற நிழலை பாத்துட்டே இருக்க, மேல எலி கயித்தை கடிக்குது, பந்து தொப்புன்னு விழுது. அப்புறம் அவங்களுக்கும் கீழ இருந்து அழைப்பு வருது. போறப்ப வீட்டுக்குள்ள மக்காச்சோளம் நட்டுட்டு, இது காஞ்சா நாங்க செத்துட்டோம், துளிர்த்தா உயிரோட இருக்கோம்னு சொல்லிட்டு போறாங்க. வாட்ஸ்அப்ல உன் லாஸ்ட் சீனை பாத்துட்டு உக்காந்திருக்குற உங்கம்மா தான் ஞாபகம் வந்தா.

கீழ ஷிபால்பாவுல வவ்வால் வீட்டுல ரெட்டையர்ல மூத்தவன் ஹுனாபு தலை போகுது, அதையே பந்தா வச்சு ஆடுறாங்க, பூசணிக்காயை தலையா வச்சு ஒரு முயல் உதவியோட நிஜ தலையை மீட்டுடுறான் தம்பி, கடைசியில தந்திரத்தால சாவு ராஜாக்களையே ஜெயிக்கிறாங்க. ஆனா அப்பாவை எழுப்ப முடியல. முகத்துல இருக்குறது ஒவ்வொண்ணுக்கும் பேர் சொல்லச் சொன்னா வாய், மூக்கு, கண்ணுக்கு மேல வரல. அந்த மைதானத்துலயே விட்டுட்டு, ஜனங்க உன்னை இங்க வந்து கும்பிடுவாங்கன்னு சொல்லிட்டு பசங்க மேல சூரியன் சந்திரனா போயிடுறாங்க.

லீவு கிடைச்சா ஹோண்டுராஸ்ல கோப்பான்ங்கிற மாயா ஊருக்கும் போயிட்டு வா. கி.பி. 738 ஜனவரியில அந்த ஊர் ராஜா புது மைதானம் திறந்தான், நாலு மாசம் கூட ஆகல, தனக்கு கீழ இருந்த கிரிகுவா ராஜாகிட்ட மாட்டி அவன் தலையே போச்சு. அங்க பஞ்சவர்ணக்கிளி தலை மாதிரி கல்லு சுவத்துல நீட்டிட்டு இருக்கும், அதை கிட்டப்போய் எடு, செல்ஃபி வேணாம், நீ நடுவுல நின்னா கல்லு தெரிய மாட்டேங்குது. விசா முன்னாடியே பாத்துக்கோ.

அப்பா