சிங்கப்பூருக்கு ஆள் கூட்டி வரும் டூர்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, திருச்சி, மதுரை, கோவையிலிருந்து குழு சேர்த்து சிங்கப்பூருக்கு அழைத்து வரும் சுற்றுலா நடத்துநர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவன். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். உங்கள் பேருந்துகள் மதியமும் இரவும் வந்து நிற்கிற தெருக்கள் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். ஊர்க்காரர்களும் சொந்தக்காரர்களும் உங்கள் பேக்கேஜில் வந்து இறங்கி, இரவு ஹோட்டல் அறைக்குப் போன பிறகு எனக்குப் போன் போடுவார்கள். "எல்லாம் பாத்தாச்சு தம்பி. ஆமா, இந்த ஊர்க்காரங்க என்னதான் சாப்பிடுவாங்க?" நாலு நாள் இந்த ஊரில் சுற்றியவர்கள் கேட்கிற கேள்வி இது. அதனால்தான் இந்த மடல்.

உங்கள் விளம்பரத் தாள்களில் கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'மூன்று வேளையும் இந்திய உணவு'. அந்த வரியைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பணம் கட்டுகிறார்கள் என்பதும் தெரியும். வயதானவர்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோய்க்காரர்கள், மாட்டுக்கறி கலந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் என்று எல்லோரையும் ஒரே பேருந்தில் ஏற்றி வருகிற உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த வரி இங்கே வந்ததும் என்ன ஆகிறது? நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். மூடி போட்ட தட்டுகளில் பன்னீர் பட்டர் மசாலா, மஞ்சள் பருப்பு, ஜீரா சாதம், காய்ந்துபோன நான். ஓர் ஓரத்தில் ஊறுகாய், அப்பளம். புதுக்கோட்டையில் ஒரு கல்யாண வரவேற்பில்கூட இதைவிட நல்ல சாப்பாடு கிடைக்கும். கொடி பிடித்த வழிகாட்டி வாசலில் நின்று மணி பார்க்கிறார். முக்கால் மணி நேரத்தில் எல்லோரும் திரும்ப பஸ்ஸில். இதற்கா நாலு மணி நேரம் விமானத்தில் வந்தார்கள்?

இந்த ஊரின் சாப்பாட்டுச் சங்கதி உணவங்காடி நிலையங்களில் (ஹாக்கர் சென்டர்) இருக்கிறது. ஒரு காலத்தில் தெருவில் தள்ளுவண்டியிலும் தலைச்சுமையிலும் விற்றவர்களை, 1970களிலும் 80களிலும் தண்ணீர்க் குழாய், சாக்கடை வசதியோடு கட்டடங்கள் கட்டி அரசாங்கம் உள்ளே குடியேற்றியது. இன்றைக்கு அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. வங்கி அதிகாரியும் கட்டட வேலை செய்கிறவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் சாப்பிடுகிற இடம் அது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்த உணவங்காடிப் பழக்கத்தைச் சேர்த்தது. சிங்கத் தலையும் மீன் உடலுமாக நிற்கிற மெர்லயனுக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. சுற்றுலா வாரியத்துச் சின்னமாக 1964இல் வரைந்த உருவம் அது. 1972இல்தான் சிலையானது. அதன் முன்னால் அரை மணி நேரம் போட்டோ எடுக்க நிறுத்துகிறீர்கள், சரி, நிறுத்துங்கள். உணவங்காடிக்கு ஒரு வேளையாவது ஒதுக்கக் கூடாதா?

காலைச் சாப்பாட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஹோட்டலில் கொடுக்கிற காய்ந்த ரொட்டியையும் கார்ன்ஃபிளேக்ஸையும் ஒரு நாள் விட்டுவிட்டு, ஒரு கோப்பிக் கடைக்குக் கூட்டிப் போங்கள். கோப்பி போடுகிறவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். காலுறை மாதிரி நீளமான துணி வடிகட்டி, மூக்கு நீண்ட தகரக் குவளை, கண்ணாடிக் குவளையின் அடியில் முதலிலேயே ஊற்றி வைத்த கெட்டிப் பால். மேலே கறுப்பாகக் கோப்பி இறங்கும்போது இரண்டும் கலக்காமல் தனித்தனியாக நிற்கும். கரண்டி போட்டுக் கலக்கிக் குடிக்க வேண்டியது நம் வேலை. கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெய் போன்ற கொழுப்பும் சேர்த்து வறுப்பதால் ஒரு கருகல் வாசனை வரும். நம் ஃபில்டர் காப்பிக்காரர்களுக்கு முதல் வாயில் பிடிக்காது. இரண்டாவது நாள் அவர்களாகவே கேட்பார்கள். பால் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ', சர்க்கரையும் வேண்டாம் என்றால் 'கோப்பி ஓ கோசோங்'. சர்க்கரை நோய்க்காரர்களுக்கு இந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும், பிழைத்துக்கொள்வார்கள். கூடவே தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சிய காயா தடவிய ரொட்டி. அரைவேக்காட்டு முட்டையைத் தட்டில் உடைத்து ஊற்றி, கறுப்புச் சோயா சாறும் மிளகுத்தூளும் போட்டு உறிஞ்சுவது எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனால் பார்க்கிறதற்கே நன்றாக இருக்கும்.

"சைவக்காரங்க என்ன செய்வாங்க?" என்று கேட்பீர்கள். உங்கள் வழிகாட்டிகள் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. பல உணவங்காடிகளில் சீனச் சைவக் கடை இருக்கும். பௌத்த வழியில் சமைக்கிறவர்கள், பெரும்பாலும் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். காலையில் அங்கே கிடைக்கிற சைவ பீஹூன், அதாவது சன்னமான அரிசிச் சேவை, முட்டைகோஸ், பொரித்த சோயாத்தோல் எல்லாம் போட்டது, நம் இடியாப்பம் சாப்பிடுகிற நாக்குக்கு உடனே பழகிவிடும். ஒரே சிக்கல், அங்கே கோழி, வாத்து, மீன் உருவத்திலெல்லாம் பண்டங்கள் அடுக்கியிருக்கும். கோதுமைப் பசையிலும் சோயாவிலும் செய்தவைதான். ஊரிலிருந்து வந்த என் அத்தை ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "சைவம்னு சொல்லிக் கறியைத் தின்ன வைக்கிறியாடா?" என்று அந்தக் கடைப் பக்கமே திரும்பவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் இந்த வம்பு கிடையாது. முட்டை சேர்க்கிறார்களா என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதே நேரம், கண்ணுக்குச் சைவம் போலத் தெரிகிறதெல்லாம் சைவம் இல்லை. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் மிளகாய்ச் சம்பலில் நெத்திலியோ இறால் விழுதோ இருக்கும். லக்சா என்கிற நூடுல்ஸ் குழம்பில் உலர்ந்த இறாலை அரைத்து விடுவார்கள். கீரை வதக்கலில்கூட அந்த விழுது சேரும். ஹலால் பலகை இருந்தால் பன்றிக்கறி இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம், மாட்டுக்கறி இல்லை என்று சொல்ல முடியாது. ரெண்டாங் என்கிற மலாய்க் கறி பெரும்பாலும் மாடுதான். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கையில் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

அசைவக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மீன், ஆட்டிறைச்சிச் சந்தை, இன்னொரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள். அங்கே மீ கோரெங் போடுகிற கடை முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நூடுல்ஸ் சீனருடையது, பெயர் மலாய், சமைக்கிறவர் தமிழ் முஸ்லிம், தக்காளிச் சாறும் மிளகாயும் சேர்ந்து இரும்புச் சட்டியில் சிவப்பாகப் புரளும். மீன் தலைக் கறியும் அப்படித்தான். தென்னிந்தியக் குழம்பில் சீனர்களுக்குப் பிடித்த மீன் தலையைப் போட்டு இந்த ஊரிலேயே பிறந்தது. நம்மவர்கள் இங்கே வந்து சமைத்ததை நம்மவர்களுக்கே காட்டாமல் பன்னீரைப் போட்டு அனுப்புகிறீர்களே என்பதுதான் என் ஆற்றாமை.

இரவுக்கு லாவ் பா சாட் போகலாம். 19ஆம் நூற்றாண்டு வார்ப்பிரும்புத் தூண்களோடு நிற்கிற எண்கோணச் சந்தை அது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பக்கத்து பூன் டாட் தெருவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மேசை நாற்காலி போட்டுவிடுவார்கள். கரி அடுப்பில் சத்தே, அதாவது குச்சியில் குத்திய இறைச்சி, வாட்டுகிற புகை வானளாவிய வங்கிக் கட்டடங்களுக்கு நடுவில் ஏறும். கோழியும் ஆடும் கிடைக்கும், வேர்க்கடலைச் சாறு தொட்டுக்கொள்ள. மாடு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். பீர் குடிக்கிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து குடிக்கலாம்.

குடி என்றதும் ஒன்று. இரவு பத்தரை மணியிலிருந்து காலை ஏழு மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடையில் வாங்கி எடுத்துப்போகவும் முடியாது. 2015இலிருந்து இதுதான் சட்டம். லிட்டில் இந்தியா வட்டாரத்தில் சனி, ஞாயிறு இன்னும் கெடுபிடி. விமான நிலையத்தில் வாங்கிய பாட்டிலோடு பூங்கா பெஞ்சில் உட்காரலாம் என்று நினைக்கிற மாமாக்களுக்கு விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். சூயிங்கம், புகையில்லாப் புகையிலை இரண்டையும் கொண்டுவரவே கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

சுற்றிப் பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். யுனிவர்சல் ஸ்டூடியோஸ், பறவைப் பூங்கா, இரவு விலங்குக் காட்சி எல்லாம் இருக்கட்டும். குழந்தைகளுக்கு அது வேண்டும். முஸ்தபா பேரங்காடிக்கு ஒதுக்குகிற நேரத்திலும் கை வைக்கச் சொல்லவில்லை, வைத்தால் உங்களைச் சும்மா விட மாட்டார்கள். நான் கேட்பது ஒரே ஒரு காலைப் பொழுது. தெலுக் ஆயர் தெருவில் பேருந்தை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுங்கள். ஒரு காலத்தில் அந்தத் தெருதான் கடற்கரை. 19ஆம் நூற்றாண்டில் கடலைத் தூர்த்த பிறகு தண்ணீர் தள்ளிப் போய்விட்டது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல அந்தத் தெருவிலேயே கும்பிடு இடம் கட்டினார்கள். ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வத்துக்கு எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயில். அதே வரிசையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா. இன்னும் கொஞ்ச தூரத்தில் அல் அப்ரார் பள்ளிவாசல். முதலில் ஓலைக் குடிசையாக இருந்ததால் அதற்குக் குச்சுப் பள்ளி என்று பெயர். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அந்தத் தர்காவின் முன்னால் நின்றால், வழிகாட்டி வாயைத் திறக்கவே வேண்டாம்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் சவுத் பிரிட்ஜ் சாலை. 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், இரண்டு எட்டு தள்ளி ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், அப்புறம் புத்தர் பல் கோயில். அதற்கு எதிரே மேக்ஸ்வெல் உணவங்காடி. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் பதினொன்றரைக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிடலாம், அலுவலகக் கூட்டம் வருவதற்குள். இத்தனைக்கும் நுழைவுச்சீட்டுச் செலவு கிடையாது.

காசு தராமல் பார்க்க இன்னும் எவ்வளவோ இருக்கிறது. தாவரவியல் பூங்காவுக்குள் நுழைய இலவசம், ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் சீட்டு. கரையோரப் பூங்காவின் (கார்டன்ஸ் பை தி பே) இரும்பு மரங்களில் இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கிற ஒளிக்காட்சியைப் புல்லில் மல்லாந்து பார்க்கலாம். சில தாள்களில் அதையும் ஒரு 'சிறப்பு அம்சம்' என்று போட்டு விலையில் சேர்ப்பதைப் பார்க்கிறேன். கொஞ்சம் மனசாட்சி வேண்டாமா? குழாய்த் தண்ணீரையே இங்கே தாராளமாகக் குடிக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். பேருந்தில் பாட்டில் விற்பதை அப்புறம் யோசிக்கலாம்.

கணக்கு உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். உணவங்காடியில் ஒருவேளைச் சாப்பாடு பெரும்பாலும் ஏழெட்டு வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடிந்துவிடும். நாற்பது பேருக்கு மொத்தமாகப் பேசி ஒரு பில் வாங்குகிற வசதி அங்கே இல்லை என்பதுதான் தடை. அதற்கு வழி, அந்த வேளைக்கான காசை ஆளுக்கு இவ்வளவு என்று கவரில் போட்டுக் கையிலேயே கொடுத்துவிடுவது. ஒன்றரை மணி நேரம் கழித்து இன்ன தூணுக்குப் பக்கத்தில் கூடுவோம் என்று சொன்னால் போதும். மேசை மேல் காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம், உட்காரக் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துப்போய் அதற்கான அடுக்கில் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம். ஹலால் தட்டுக்கு அடுக்கு தனி. தமிழிலேயே விளக்க ஆள் வேண்டுமென்றால் தேக்காவில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

துணிந்து போக முடியாதவர்கள் நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு அதே தேக்காவில் இட்லி, தோசை கிடைக்கும். நாலு பேருக்காக மீதி முப்பத்தாறு பேரையும் பன்னீருக்கு முன்னால் நிறுத்தாதீர்கள்.

அடுத்த சீசனுக்குத் தாள் அச்சடிக்கும் முன் 'மூன்று வேளையும்' என்பதை ஒரு நாளைக்காவது 'இரண்டு வேளை' என்று மாற்றிப் பாருங்கள். தேதி குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாள் பெரும்பாலான கடைகள் திறக்காது. சுத்தம் செய்வதற்கென்று ஒவ்வொரு நிலையத்தையும் அவ்வப்போது மூடுவார்கள், அந்தத் தேதிகள் முன்கூட்டியே இணையத்தில் வந்துவிடும். திங்கட்கிழமை ஓய்வெடுக்கிற கடைகளும் நிறைய. ஆகவே உணவங்காடி நாளைச் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு புதுக்கோட்டைக்காரன்