ஹெரால்டு கிளட்ச் விஷயமாக

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளை மறுபடியும் திருச்சிக்கே மாற்றலாகி வந்துவிட்டார் என்பதில் எனக்கும் சந்தோஷம். பேத்தி இனி உன் கண் முன்னாலேயே வளர்வாள். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. குடும்ப விஷயத்தை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு மூன்று பக்கத்துக்கு அப்பாவின் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பற்றி எழுதியிருக்கிறாய். நானும் அதே கணக்கில் எழுதுகிறேன்.

‘கிளட்ச் செட் முழுசாக வாங்கி அனுப்பு, பணம் போட்டுவிடுகிறேன்’ என்கிறாய். கொஞ்சம் பொறு. ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று கத்துகிறது, நின்ற இடத்தில் முதல் கியர் விழ மறுக்கிறது, பெடல் தரையைத் தொட்டால்தான் ஏதோ வேலை செய்கிறது, இதுதானே உன் புகார்? இது கிளட்ச் விலகாத கோளாறு, அதாவது பெடலை மிதித்தும் எஞ்சினிலிருந்து கியர் பாக்ஸ் பிரியவில்லை. பிளேட் தேய்ந்திருந்தால் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி இழுக்காது, பாலம் ஏறும்போது கருகின நாற்றம் மூக்கைத் துளைக்கும். நாற்றத்தைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

ஆகவே முதலில் பெடலுக்கு மேலே டார்ச் அடித்துப் பார். நீ மிதிப்பதை எண்ணெய் அழுத்தமாக மாற்றுகிற மாஸ்டர் சிலிண்டரின் தண்டு பெடலோடு ஒரு பின் வழியாகச் சேர்ந்திருக்கும். அந்தப் பின்னும் அது நுழைகிற ஓட்டையும் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால், நீ மிதிக்கிற மிதியில் பாதி அங்கேயே வீணாகிவிடும். பின்னைப் புதிதாகப் போட்டு, ஓட்டையை வெல்டிங்கில் அடைத்துத் திரும்பத் துளைப்பது எந்தப் பட்டறையிலும் அரை நாள் வேலைதான். அடுத்து, காருக்குள்ளே கியர் பாக்ஸ் மேல் இருக்கிற மூடியைக் கழற்றி, அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விரலால் நீக்கிப் பார். உள்ளே ஈரமாக இருந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான்.

இந்தச் சிலிண்டர்களுக்கான ரப்பர் வாஷர் கிட் வாங்கப் போகும்போது கவனம். இவை கர்லிங் (Girling) கம்பெனி ரகச் சிலிண்டர்கள். உள்விட்டம் 5/8 அங்குலத்தில் ஒன்று, .70 அங்குலத்தில் ஒன்று என்று மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது, வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். ஐம்பது வருஷத்தில் யார் எதை மாற்றினார்களோ தெரியாது. சிலிண்டர் உடம்பில் அளவு வார்த்திருக்கும், துடைத்துப் படித்துவிட்டுக் கடைக்குப் போ. ரப்பரை ஒருபோதும் பெட்ரோலில் கழுவாதே, ஊதிப்போய்விடும். பிரேக் ஆயிலிலேயே கழுவு.

இதெல்லாம் சரியாக இருந்தும் கியர் கத்தினால்தான் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். இறக்குவது என்கிறேனே தவிர, ஹெரால்டில் அது கீழே இறங்காது. முன் சீட் இரண்டையும் வெளியே எடுத்து, பிரொபெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளைக் கழற்றி, எஞ்சினின் அடித் தொட்டியான சம்ப்புக்கு அடியில் கட்டையும் ஜாக்கியும் கொடுத்து எஞ்சினைத் தாங்கிக்கொண்டு, கியர் பாக்ஸைக் காருக்குள் இழுத்து, கதவு வழியாகத் தூக்கி வர வேண்டும். இடுப்புள்ள பையன் யாரையாவது கூப்பிட்டுக்கொள். நீ மேற்பார்வை பார்த்தால் போதும்.

என் ஹெரால்டில் போன மழைக்காலத்தில் பிளேட்டே நழுவியது. திறந்து பார்த்தால் பிளேட்டின் மேல் இருக்கிற உராய்வு வளையமான லைனிங்கில் பாதிக்கு மேல் கனம் இருக்கிறது, ஆனால் முகம் முழுக்க எண்ணெய் பளபளப்பு. நம் வண்டியின் 948 சி.சி. எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கம் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. அலுமினிய வளையத்துக்குள் ஷாஃப்டில் வெட்டிய மரை, சுற்றும்போது எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளும். நல்ல யோசனைதான், ஆனால் வளையம் நடுவில் உட்காராவிட்டால் எண்ணெய் நேராகக் கிளட்சுக்கு வரும். அதைச் சரிசெய்யாமல் புது பிளேட் போடுவது காசைக் காவேரியில் போடுவது.

பிளேட்டுக்காகச் சென்னை ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறினேன். ‘ஹெரால்டா?’ என்று கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். புதுப்பேட்டையில் ஒருவர் மூட்டையைக் கொட்டி ஒரு பிளேட்டை எடுத்து, ‘சைஸ் அதேதான் சார்’ என்றார். வெளிவட்டம் 6¼ அங்குலம் சரியாகத்தான் இருந்தது. நான் பையில் கொண்டுபோயிருந்த பழைய பிளேட்டின் நடுப்பல்லோடு வைத்துப் பார்த்தால் பல்லின் எண்ணிக்கையே வேறு. பழைய பிளேட் கையில் இல்லாவிட்டால் அதை வாங்கி வந்திருப்பேன். உன் வண்டியிலிருந்து எது கழன்றாலும் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதே.

இங்கிலாந்தில் நம் வண்டியின் மூலமான டிரையம்ப் ஹெரால்டுக்கு நிறையச் சாமான் இன்னும் செய்கிறார்கள். ஆனால் அங்கே பின்னால் வந்த 13/60 மாடலுக்கு 6½ அங்குல டயாஃப்ரம் கிளட்ச், அதாவது ஒரே தட்டு ஸ்பிரிங் வைத்தது. அதற்கு ஃப்ளைவீலும் மாற வேண்டும். நம்முடையது சுருள் ஸ்பிரிங்கும், கிளட்சை விடுவிக்கிற நெம்புகோல் விரல் மூன்றும் வைத்த பழைய ரகம். ஆர்டர் போடுகிறவர் இதைச் சொல்லாவிட்டால் வண்டி விலைக்குச் சுங்கம் கட்டி, சேராத சாமானை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். நம் ஸ்டாண்டர்டு கம்பெனி வண்டலூரில் ஹெரால்டுக்குக் கடைசி வரைக்கும் 948 எஞ்சினையே வைத்திருந்தது, இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டுக்கும் அதேதான், பிறகு வந்த கெஸல் காருக்கும் அதேதான். அதனால் உங்கள் பக்கம் எந்தக் கொட்டகையிலாவது கெஸல் துருப்பிடித்துக் கிடந்தால் எனக்கு உடனே போன் பண்ணு.

கடைசியில் நான் புதிது வாங்கவே இல்லை. நடுப்பல் ஆடாமல், சின்ன ஸ்பிரிங்குகள் தளராமல் இருந்ததால் பழைய பிளேட்டுக்கே லைனிங் மாற்றினேன். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்காரர் பழைய ரிவெட்டைத் துளைத்தெடுத்து, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத வளையத்தை அளவுக்குக் கடைந்து, ரிவெட் தலை லைனிங்குக்குள் நன்றாகப் பதியும்படி அடித்தார். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டின் மூன்று விரல்களில் ஒன்று மட்டும் நுனியில் குழிந்திருந்தது. மூன்றையும் சாணைபிடித்து, டயல் கேஜ் வைத்து ஒரே உயரத்துக்குக் கொண்டுவர அவருக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. உயரம் மாறினால் வண்டி கிளம்பும்போது உதறும். அந்த விரல்களை அழுத்துகிற ரிலீஸ் பேரிங் மட்டும் புதிது போட்டேன், அதையும் கையில் சுற்றிப் பார்த்து, சத்தமில்லாததாகப் பொறுக்கி எடுத்தேன். ஆக மொத்தச் செலவு, நீ எனக்கு அனுப்பத் தயாராக இருந்த பணத்தில் கால்வாசிகூட வரவில்லை.

திறக்க வேண்டிவந்தால் உள்ளே இருக்கிற கறுப்புத் தூளைக் காற்றடித்து ஊதவிடாதே. பழைய லைனிங், ஆஸ்பெஸ்டாஸ். ஈரத்துணியால் துடைக்கச் சொல். பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் சாக்கில் கட்டி ஆம்னி பஸ் பார்சலில் போட்டுவிடு, பட்டறைக்காரரிடம் நான் கொடுத்து வாங்கித் தருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பெடல் பின்னைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் கூட்டாளி